தூக்க இயலாத நிலையில்

பல்லி அன்றைக்கு ஊன்றுகோல் இல்லாமல் வக்கீலம்மாவின் அறைக்குள் நடந்து போனான். சாரத்திலிருந்து விழுந்தபிறகு யார் தோளையும் பிடிக்காமல் அவன் வெளியில் நடப்பது அதுதான் முதல் தடவை. நடை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் நடை நடைதானே. பின்னால் வந்த மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. தத்தி நடக்கும் பிள்ளைக்குப் பின்னால் போவதுபோல இரண்டு கையையும் அரைகுறையாக நீட்டிக்கொண்டே வந்தாள்.

வக்கீலம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் எழுகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் நேரே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பஸ் ஸ்டாப்லேருந்து இப்படியேவா வந்தீங்க?"

"ஆமா மேடம். கோலை வீட்லயே வச்சிட்டேன். உங்க மாடிப்படியைக் கூட நானே ஏறிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

பல்லி சிரித்தான். "பாத்தா பாக்கட்டும் மேடம். கண்ணு பட்டாலும் இனிமே விழறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை அவர். அவர்களிடம் ஃபீஸ்கூட முழுசாகக் கேட்டதில்லை. ஒரே நாளில் பத்துக் கேஸுக்கு ஓடுகிறவருக்கு இருக்கும் அலுப்பு முகத்தில் நிரந்தரமாக இருக்கும், அவ்வளவுதான்.

"நீங்க நஷ்ட ஈடு கேட்டிருக்கீங்க. எதுக்கு? இனிமே உங்களால வேலை செய்ய முடியாதுன்னு. எதிர்ப்பக்கம் பெரிய கம்பெனி. உங்க பின்னாடி ஆள் போட்டுப் பாப்பாங்க. நல்லா ஆகாதீங்கன்னு நான் சொல்லல. கேஸ் முடியட்டும், அப்புறமா நல்லா ஆகுங்க."

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் வரை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான் பல்லி. நடக்க முடியாமல் இல்லை. அவள் மெல்லிய குரலில் பிடிச்சுக்கோங்க என்றாள், அவனும் பிடித்துக்கொண்டான்.

உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கண்ணாடி பொருத்துவது அவன் தொழில். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பான் என்பதால் கூட்டாளிகள் பல்லி என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் வீட்டுக்காரர், கடைக்காரர், மச்சான் எல்லோருக்குமே அவன் பல்லிதான். மூன்றாவது மாடி உயரத்தில் சாரப் பலகை உடைந்து அவன் விழுந்த அன்றைக்கு இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. பெல்ட்டெல்லாம் வேறொரு கட்டடத்துக்குப் போயிருந்தது. "இன்னிக்கு ஒருநாள் பாத்துப் பண்ணிக்கப்பா" என்று சொல்லி ஏற்றிவிட்டார் மேஸ்திரி. இடுப்பெலும்பு உடைந்து, முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவன் முதலில் சொன்னது, "பல்லி விழுந்தா ஏதாவது பலன் இருக்கணுமே. யாருக்குன்னு கேட்டுச் சொல்லுங்கடா" என்பதுதான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டு வெளியே போய் அழுதார்கள்.

கம்பெனிக்காரர்கள் முதலில் பழக்கூடையோடு வந்தார்கள். எங்க குடும்பத்தில் ஒருத்தர் என்றார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை என்றதும் அவர்கள் வருவது நின்றது. மூன்றாவது மாதம் கடிதம்தான் வந்தது. பெல்ட் கொடுத்தோம், அவர்தான் போடவில்லை என்று. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய மிச்சத்தை மனைவியின் அண்ணன் கட்டினான். வீடு கட்டவென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து வைத்த பணம் அது. "கேஸ் போடு. வந்ததும் குடு" என்றான். அப்படித்தான் கேஸ் போட்டார்கள்.

பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டில் காலர் வைப்பது அவள் வேலை. வெட்டி வைத்த துணி மலைபோலக் குவிந்திருக்கும். ஒரு காலர் முடிந்தால் அடுத்த காலர். யாருடைய கழுத்து என்று தெரியாத கழுத்துகளுக்கு நாளெல்லாம் காலர். அந்த வருமானத்தில்தான் அவன், அவள், மகள் குட்டி மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

தினமும் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது பல்லி தரையில் பாய் விரித்துப் பயிற்சி செய்துகொண்டிருப்பான். சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் இருந்த பயிற்சியாளர் பெண். மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கி நிறுத்த வேண்டும். முதல் மாதம் கால் தரையை விட்டே கிளம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, சில நாள் கெட்ட வார்த்தையில் தன் காலையே திட்டிக்கொண்டு அவன் விடாமல் செய்தான். அந்தக் கால்தான் அன்றைக்கு வக்கீலம்மாவின் மாடிப்படியை ஏறியது.

வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. கோர்ட் நியமித்த டாக்டர் அவனைப் பரிசோதித்து, உடம்பில் எவ்வளவு குறை என்று எழுதிக் கொடுப்பார். அன்று காலை அவன் வழக்கம்போலப் பாயில் படுத்திருந்தான். கால் நன்றாகவே மேலே எழும்பியது. தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவளுக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே புரியச் சற்று நேரமாயிற்று. கால் நன்றாக எழும்புகிறதே என்றுதான் பயந்தாள்.

"ஏங்க... டாக்டர் பாக்கற வரைக்கும் இது வேணாமே."

அவன் கால் அந்தரத்திலேயே நின்றது. அவளைப் பார்த்தான். ஏதாவது கேட்பான், கோபப்படுவான், குறைந்தபட்சம் கிண்டலாவது செய்வான் என்று அவள் காத்திருந்தாள்.

"சரி," என்று காலை மெதுவாக இறக்கினான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான்.

டாக்டரின் தேதி இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. அதன்பிறகு நீதிபதி மாறினார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒருவழியாக டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தபிறகும், கேஸ் முடியட்டும் என்று பாய் சுவரோரமே நின்றது. ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்தால் கோலோடு வந்து, தெரிந்தவர் சிரித்தால்கூட அளவாகச் சிரித்து, நோயாளி வேஷம் போட்டான் பல்லி. போகப் போக வேஷம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. முன்பு வேண்டுமென்று சாய்ந்து நடந்தவனுக்கு நிமிரலாம் என்றால் இப்போது முடியவில்லை.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். குட்டியின் முன்பல் கோணலாக முளைக்கிறதே என்றால், கேஸ் முடிஞ்சதும். குழாய் ஒழுகுகிறதே என்றால், கேஸ் முடிஞ்சதும். அண்ணி போன் செய்தாலும் அதேதான். அண்ணி பணத்தைக் கேட்கவே மாட்டாள். "என்ன, எல்லாரும் சௌக்கியமா? கேஸ் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பாள்.

சாட்சி சொல்வதற்கு முன்னால் அவளுடைய வாக்குமூலத்தை எழுத்தில் தயார் செய்தார் வக்கீலம்மா. அவர் கேட்கக் கேட்க, மூலையில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"வீட்ல கனமான சாமான் ஏதாவது தூக்குவாரா?"

"தூக்குவாருங்க மேடம். ஆனா தூக்கினா மூணு நாள் படுத்துடுவார். எழுந்திரிக்கவே முடியாது."

"அப்ப தூக்க முடியாதுன்னுதானே அர்த்தம்?"

அவள் யோசித்தாள். "ஒரு வகையில அப்படித்தான்."

"அப்ப அப்படியே சுருக்கமாப் போட்டுடலாம். ஆனா, ஆவன்னான்னு நீட்டினீங்கன்னா அவங்க அதைப் பிடிச்சுத் தொங்குவாங்க."

அச்சடித்து வந்தபோது, 'என் கணவர் ஒரு லிட்டர் தண்ணீரைக்கூடத் தூக்க இயலாத நிலையில் உள்ளார்' என்று இருந்தது. அந்த ஒரு லிட்டரை அவள் இரண்டு தடவை படித்தாள். கோர்ட் பாஷை இப்படித்தான் இருக்கும் போல என்று கையெழுத்துப் போட்டாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அண்ணன் மகனின் பிறந்தநாள் வந்தது. போகாவிட்டால் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள் என்று மூன்று பேரும் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே அண்ணி கூடம் நிறைந்த விருந்தாளிகளிடம், "கேஸ்காரங்க வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா. அவருக்கு நாற்காலி போடுங்க, அவர் எதையும் தூக்கக் கூடாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பல்லியும் சிரித்தான். அண்ணன் மட்டும் கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் குட்டி ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிப்போனாள். ஸ்டாப் வந்தும் அசையவில்லை. மனைவியின் கையில் அண்ணன் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பையும் துணிப்பையும் இருந்தன.

"குட்டி, எழுந்திருடி."

"விடு. நான் தூக்கிக்கறேன்."

"வேணாங்க. யாராவது..."

"உங்க அண்ணி பேசின பேச்சுக்கு நான் இன்னிக்கு எதையாவது தூக்கியே ஆகணும். இந்தா, கோலைப் பிடி."

அவள் இன்னும் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் பார்க்க வேண்டும்போல இருந்தது. மருந்துக்கடை, சலூன், மூடிக்கிடந்த ஸ்டேஷனரிக் கடை எல்லாவற்றையும் தாண்டி அவன் முன்னால் நடந்தான். அவன் தோளில் மகளின் தலை, முதுகில் தொங்கும் அவளுடைய இரண்டு கைகள். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். "என்னடி சாப்பிடற, சிமெண்ட் மூட்டையாட்டம் கனக்கறே" என்று தூங்கும் பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட அந்தப் பழைய சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவனால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. மூன்று நாள் என்பது நாலாயிற்று. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, படுக்கையிலேயே பாத்திரம் வைத்து எடுத்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, "போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்றது?" என்றான். போகவில்லை.

கோர்ட்டில் அவளுடைய முறை வந்தபோது, எதிர்ப்பக்க வக்கீல் வெகு தன்மையாகப் பேசினார். நரைத்த தலை, பெரியப்பா மாதிரி முகம்.

"நிக்கக் கஷ்டமா இருந்தா உக்காந்துக்கம்மா."

"பரவாயில்லைங்க."

"உங்க வாக்குமூலத்துல, ஒரு லிட்டர் தண்ணியைக்கூடத் தூக்க இயலாத நிலையில் இருக்கார்னு சொல்லியிருக்கீங்க. நீங்க படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"அது உண்மைதானே?"

அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மா வேறு ஏதோ கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "உண்மைதாங்க."

"பொண்ணு இருக்கால்ல உங்களுக்கு? என்ன வயசு?"

"ஒம்பது."

"அப்பா தூக்கிக் கொஞ்சற வயசுதான். தூக்குவாரா?"

"தண்ணியே தூக்க முடியலைங்கறப்ப பிள்ளையை எப்படிங்க தூக்குவார்?" இதை வக்கீலம்மா எழுதித் தரவில்லை. நன்றாகச் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் அவளாகவே சொன்னது.

பெரியவர் தலையாட்டினார். நீதிபதியின் அனுமதியோடு ஒரு திரையைத் திருப்பி வைத்தார்கள். ரோட்டோரம் நின்ற ஏதோ காருக்குள்ளிருந்து எடுத்திருந்தார்கள். மருந்துக்கடை வெளிச்சத்தைத் தாண்டி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லி நடந்து வந்தான். பின்னால் அவள் வந்தாள். அவன் ஊன்றுகோலைக் குடைபோலக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். படத்தில் குரல் இல்லை. அவன் நின்றதும், ஏதோ சொன்னதும், இருவரும் சிரித்ததும் மட்டும் தெரிந்தது. மூச்சு வாங்க நின்றவன் கதை பேச நின்றவன் மாதிரி இருந்தான்.

ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவதுபோல அவள் கண்ணுக்கே பட்டது.

"ஐயா, அதுக்கப்புறம் நாலு நாள் எழுந்திரிக்கவே இல்லைங்க! நான்தாங்க எல்லாம் பாத்தேன்..."

"அப்படியா? டாக்டர்கிட்டக் காட்டினீங்களாம்மா?"

"இல்லைங்க."

"வாக்குமூலத்துல எங்கேயாவது சொல்லியிருக்கீங்களா? தூக்குவார், ஆனா அப்புறம் கஷ்டப்படுவார்னு?"

அவள் மறுபடியும் வக்கீலம்மாவைப் பார்த்தாள். பெரியவர் வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார். பின் பெஞ்சில் இருந்த பல்லி தலை குனிந்துகொண்டான். அவன் படுத்துக் கிடந்த நாலு நாளை யாரும் படம் எடுக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. இவர்கள் பேச்சை நம்புவதற்கில்லை, இதில் பொய் சொன்னவர்கள் பெல்ட் விஷயத்தில் மட்டும் உண்மை சொல்வார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கேஸ் தள்ளுபடியாயிற்று. கம்பெனியின் வழக்குச் செலவையும் இவர்கள்தான் தர வேண்டும். வராந்தாவில் வைத்து அவள் வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

"மூணு நாள் படுத்துடுவார்னு நான் அன்னிக்கே சொன்னேனே மேடம்."

அடுத்த கோர்ட்டில் வக்கீலம்மாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னீங்க," என்றார். "அதை அப்படியே போட்டிருந்தா இந்தப் படம் ஒண்ணும் பண்ணியிருக்காது." அங்கியைச் சரிசெய்துகொண்டார். "அப்பீல் போகலாம். கெடு இருக்கு. செலவாகும். யோசிச்சுட்டு வாங்க."

அண்ணன் அந்த வாரமே வந்தான். சத்தம் போடவில்லை. வாசல்படியிலேயே நின்று, "முடிஞ்சப்ப முடிஞ்சதைக் குடு. உன்மேல நான் கேஸா போட முடியும்?" என்றான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அதற்குப்பிறகு அவன் வரவில்லை. போனும் வரவில்லை. அண்ணியின் போன் வந்தால்கூடத் தேவலை என்று அவள் நினைக்கும் அளவுக்கு வீடு அமைதியாகிவிட்டது.

ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பக் குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பல்லி உள்ளே படுத்திருந்தான்.

"அம்மா, கோர்ட்டுல போட்ட படத்துல நானும் இருந்தேனா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீயும் அப்பாவும் பேசினீங்கல்ல." குட்டி ரிப்பன் நுனியை விரலில் சுற்றினாள். "நான் அன்னிக்குத் தூங்கலம்மா."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது.

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். தூங்கற மாதிரி இருந்தா அப்பா தூக்குவாருன்னு. முன்னாடியெல்லாம் தூக்குவாருல்ல." குட்டியின் தோள் குலுங்கத் தொடங்கியது. "நான் எழுந்திருச்சு நடந்திருந்தா நமக்குக் காசு வந்திருக்குமா?"

இல்லைடி கண்ணு, உன்மேல தப்பில்ல, அம்மா எழுதிக் கொடுத்ததுதான் தப்பு என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரியும். வாயில் வந்தது வேறு.

"அப்பாகிட்ட இதைச் சொல்லாத. என்ன? எப்பவும் சொல்லாத."

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டும்போதுதான், பிள்ளை தலையில் என்ன பாரத்தை ஏற்றி அனுப்புகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் பள்ளி வேன் ஹாரன் அடித்துவிட்டது.

பல்லியைப் பயிற்சியாளர் பெண்ணிடம் மறுபடியும் கூட்டிப்போனாள். அந்தப் பெண் அவன் முழங்காலை மடக்கிப் பார்த்தாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள். "எல்லாம் இறுகிப்போயிடுச்சே. எவ்வளவு நல்லா வந்துகிட்டிருந்தது! ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

பல்லி மனைவி பக்கம் திரும்பவே இல்லை. "சோம்பேறித்தனந்தான்," என்றான்.

அவனுக்கு அப்பீல் நினைப்பு மட்டும் இருந்தது. அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம், வக்கீலம்மா ஏதாவது சொன்னாங்களா என்று கேட்பான். கூப்பிடறேன்னாங்க என்பாள். வக்கீலம்மா ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார். எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்லி, ஜெயிப்பது கஷ்டந்தான் என்பதையும் சொல்லியிருந்தார். மறுபடி டாக்டர், மறுபடி வாய்தா, மறுபடி சாத்திய ஜன்னல். யோசிச்சுச் சொல்றேன் மேடம் என்றவள் பிறகு கூப்பிடவே இல்லை. யூனிட்டில் மிஷினைவிட்டு எழாமல் காலர்மேல் காலராக வைத்துத் தள்ளினாள். அந்த வாரம் அவள் கணக்கில் தைத்தது எல்லோரையும்விட அதிகம் என்று சூப்பர்வைசர் பாராட்டினார். கெடு முடியும் நாள் முடியட்டும் என்று காத்திருந்தாள். அதுவும் முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் கேட்கவில்லை. அவள் கை கால் கழுவினாள். டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. அவளால் பொறுக்க முடியவில்லை.

"கெடு நேத்தோட முடிஞ்சிடுச்சுங்க. நான் வேணும்னுதான் போகலை."

"தெரியும்," என்றான்.

"எப்படி?"

"நானும் நாள் எண்ணிக்கிட்டுதானே இருந்தேன். ஞாபகப்படுத்தணும்னு நினைச்சேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "நினைச்சேன், அவ்வளவுதான்."

அவள் கட்டில் பக்கமாக நின்றாள். திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அழுகையும் வரவில்லை. அவள் நிற்பதைப் பார்த்து, உட்கார இடம் விடுவதற்காக அவன் கையை ஊன்றிச் சுவர்ப்பக்கம் நகர முயன்றான். முதலில் தோள் நகர்ந்தது. இடுப்பு நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றான். உதவிக்கு நீட்டிய அவள் கையை வேண்டாம் என்று தள்ளினான். அதற்கு வெகுநேரம் பிடித்தது. டம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அவள் நின்றபடியே காத்திருந்தாள்.